எடைக்கு அப்பால்
அங்கன்வாடிகள் குழந்தையின் எடை, உயரத்தோடு பெற்றோருடனான உணர்வுப் பிணைப்பையும் கவனித்தாக வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்டோருக்காக ஒன்றிய அரசு 2024-இல் வெளியிட்ட ‘நவசேதனா’ வழிகாட்டி இதற்கு வாசல் திறந்திருக்கிறது. ஆனால், எப்படிக் கவனிப்பது என்பதில் பெரும் எச்சரிக்கை தேவை. இந்தப் பிணைப்பை அறிய உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் வகுத்த புகழ்பெற்ற சோதனை, பழக்கமில்லாத அறையில் குழந்தையைத் தாயிடமிருந்து சில நிமிடங்கள் பிரித்து, அவர் திரும்பும்போது அது நடந்துகொள்ளும் விதத்தைப் பார்ப்பது. ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் தாய் வயல் வேலைக்கும் தந்தை தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் போய்விட, ஆச்சி மடியில் வளரும் பிள்ளைக்கு அந்த அளவுகோலைப் பொருத்தித் தாய்க்கு மதிப்பெண் போடுவது அநீதி. வீட்டுக்கே சென்று, தந்தையையும் ஆச்சியையும் சேர்த்துப் பார்த்து வழிகாட்ட அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு அரசு பயிற்சி அளிக்கட்டும். அதற்கு நேரம் கிடைக்க அவர்களது பதிவேட்டுச் சுமையை முதலில் குறைக்கட்டும்.