ஆட்டுக்கொல்லியும் சந்தையும்

பல்லடம் பிரதேசத்துக் கோழிப்பண்ணைகளில் குஞ்சு இறங்கிய நாள் முதல் கணக்கு வைத்து வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள். கோழியின் பின்னால் கம்பெனியின் முதல் நிற்கிறது. பக்கத்துக் குடிசையில் கட்டியிருக்கும் நாலு வெள்ளாடுகளோ ஓர் ஏழை ஸ்திரீயின் சொத்து. அவற்றைப் பற்றிக் கணக்கு வைப்பார் யார்?

ஆட்டுக்கொல்லி நோய் நமக்குப் புதிதன்று. இந்தியாவில் அது முதன்முதல் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டிலேதான். விழுப்புரத்தை அடுத்த அரசூரில், 1987-ம் வருஷத்தில். ஜுரம், மூக்கொழுக்கு, வாய்ப்புண், கழிச்சல், சளி என்று படிப்படியாக முற்றிப் பட்டியையே காலி செய்யும். தடுப்பு மருந்துக்கும் பஞ்சமில்லை. நமது கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் செய்த மருந்தொன்றிற்கு ‘கோயமுத்தூர் 97’ என்றே பெயர். ஓர் ஊசி மூன்று வருஷமாவது காக்கும்.

இவ்வளவு இருந்தும் ஆடு ஏன் சாகிறது? விதி என்ற வாதத்தை நாம் ஒப்புக்கொள்ளோம். இந்தக் கிருமி வெளியிலே, வெய்யிலிலே அதிக காலம் பிழைப்பதில்லை. நோயுற்ற ஆட்டின் மூச்சிலும், ஒரே தொட்டித் தண்ணீரிலுமே பரவுகிறது. ஆகவே ஆடு நடந்தால்தான் நோய் நடக்கும். கிருமி புகுந்த ஆடு சில நாள் வரை துள்ளிக்கொண்டுதான் இருக்கும். கன்னிவாடிச் சந்தையில் அதை வாங்கியவர் அன்று மாலையே தம் பட்டியில் அடைக்கிறார். மூன்று வாரம் தனியே கட்டும்படி வைத்தியர் சொல்வது சரியே. ஆனால் உள்ளதே ஒரு கொட்டகை என்பவர் எங்கே கட்டுவார்? கிளுவை வேலி போட்ட கொறங்காடு உடையவரின் மந்தை பிற மந்தையோடு கலப்பது குறைவு. புறம்போக்கில் மேயும் ஆட்டுக்கு வேலி ஏது?

குட்டிகளின் விஷயம் இன்னும் மோசம். தாய்ப்பாலால் வந்த காப்பு மூன்று நான்கு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. ஆடுகளோ வருஷம் முழுவதும் ஈனுகின்றன. வருஷத்துக்கொரு முகாம் போட்டுவிட்டுப் போனால், அதன் பின் பிறந்த குட்டிகள் ஊசியில்லாமலே சந்தைக்குப் போகும். சந்தை வாசலில் ஊசி போடுவதும் பிரயோஜனமில்லை. காப்பு உண்டாக இரண்டு வாரமாகும்.

பட்டியில் ஓர் ஆடு செத்ததும் மற்றவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவரைப் பலர் பழிக்கிறார்கள். நாம் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டோம். நாளைக்கு ஒன்றும் மிஞ்சாதென்ற பயம் அவருக்கு. நோயைத் தெரிவித்தால் நஷ்டஈடு நிச்சயம் என்றிருந்தால் அவர் ஏன் ஒளிக்கிறார்?

2019-ம் வருஷக் கணக்கில் தமிழ்நாட்டு வெள்ளாடுகள் ஏறக்குறைய 99 இலட்சம். மாட்டின் வெக்கை நோயை 2011-ல் உலகத்திலிருந்தே ஒழித்தாயிற்று. ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிப்பதென்று சர்வதேச ஸ்தாபனங்கள் தவணை குறித்திருக்கின்றன. சர்க்கார் குட்டிகளுக்கென்று வருஷத்தில் இரண்டு மூன்று தடவை ஊர் ஊராக வரட்டும். ஊசி போட்ட குட்டிக்குக் காதில் அடையாளம் இடட்டும். சுங்கம் வசூலிக்கும் சந்தைக்காரர் அந்த அடையாளத்தைப் பார்த்து உள்ளே விடட்டும்.