உப்புத் தண்ணீருக்குப் போன மீன்



இந்த மாதம் ஒரு கடிதத்திற்கு மட்டும் பதில் எழுதப் போகிறேன். கடலோரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். லயத்துக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி கட்டி, கணவர் இருநூறு திலாப்பியா மீன்களை வளர்த்தாராம். நன்றாக வளர்ந்ததும் இடம் போதவில்லை என்று, கடல் ஏற்றத்தில் நிறையும் குளம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து அதில் கொண்டுபோய் விட்டாராம். மாலையில் விட்ட மீன் மறுநாள் காலையில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்ததாம். பக்கத்துக் குளத்தில் வேறொருவருடைய திலாப்பியா துள்ளி விளையாடுகிறது, நம்முடையது மட்டும் ஏன் செத்தது, யாரோ விஷம் போட்டார்கள் என்று கணவர் சொல்கிறார், இரண்டு குடும்பமும் இப்போது பேசிக்கொள்வதில்லை என்று எழுதியிருக்கிறார்.

அம்மா, விஷம் வேண்டியதே இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உப்பு ஒன்றே போதும். தயவுசெய்து உங்கள் கணவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அண்டை வீட்டாருக்கும் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் நமக்கு 'டிரிப்' ஏற்றுகிறார்களே, அந்த உப்பு நீரில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். நம் இரத்தத்துக்கு ஒத்துப்போகும் அளவு அது. மீனின் இரத்தமும் ஏறக்குறைய அதே அளவுதான். கடல் நீரிலோ லிட்டருக்கு 35 கிராம் உப்பு! வெள்ளரிக்காயை அரிந்து உப்புத் தூவி வையுங்கள். சற்று நேரத்தில் தட்டில் தண்ணீர் நிற்கும். உப்பு மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் இழுக்கப்படுகிறது. கடலில் நீந்தும் மீனுக்கும் இதே கதிதான். செவுளின் மெல்லிய தோல் வழியாக அதன் உடம்புத் தண்ணீர் ஓயாமல் வெளியே கசிகிறது. தண்ணீருக்குள் இருந்துகொண்டே தாகத்தால் சாகக்கூடிய பிராணி அது.

நன்னீர் மீனின் பாடு இதற்கு நேர் எதிர். சுற்றியுள்ள நீரில் உப்பு இல்லை, உடம்பில் இருக்கிறது. ஆகவே தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அது தண்ணீர் குடிக்காது, நிறையச் சிறுநீர் கழிக்கும், செவுளால் நீரில் உள்ள கொஞ்சநஞ்ச உப்பையும் பொறுக்கி எடுக்கும். உங்கள் தொட்டி மீன்கள் பிறந்தது முதல் இந்த ஒரு வேலையைத்தான் பழகியிருந்தன.

கடல் மீன் என்ன செய்து பிழைக்கிறது? கடல் நீரைக் குடிக்கிறது. அமெரிக்கரான ஹோமர் ஸ்மித் 1930இல் இதை ஆராய்ந்து காட்டினார். குடித்த நீர் குடலில் உறிஞ்சப்படும்போது உப்பும் கூடவே உள்ளே வந்துவிடுகிறதே, அதை எங்கே தள்ளுவது? 1932இல் ஆன்செல் கீஸ் என்பவர் விலாங்கு மீனின் செவுளில் அதற்கென்றே தனி உயிரணுக்கள் இருப்பதைச் சுட்டிக் காட்டினார். (கொலஸ்ட்ராலும் மாரடைப்பும் பற்றிப் பிற்காலத்தில் உலகமெல்லாம் பேசவைத்த அதே கீஸ்தான். மனிதர் மீனில் தொடங்கியிருக்கிறார்!)

அந்த உயிரணுக்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. நம் உடம்பிலும் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கோ 1957இல் நண்டின் நரம்பில் இதைக் கண்டறிந்து, நாற்பது ஆண்டுகள் கழித்து 1997இல் நோபல் பரிசு பெற்றார். கடல் மீனின் செவுளில் இந்தப் பம்புகள் இரவு பகல் பாராமல் ஓடி, உப்பை வெளியேற்றும் வேலைக்கு விசை தருகின்றன.

சகோதரியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நன்னீரில் வளர்ந்த திலாப்பியாவின் செவுளில் உப்பை வெளியேற்றும் அணுக்கள் போதிய அளவு இல்லை. புதிதாக உண்டாக வேண்டும். அதற்கு உத்தரவு போடுவது கார்ட்டிசோல் என்னும் ஹார்மோன். இது ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. கொலஸ்ட்ராலிலிருந்து உடம்பே தயாரித்துக்கொள்வது.

நமக்குச் சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பி போல் ஒரு சுரப்பி உண்டு, அதில் கார்ட்டிசோல் சுரக்கிறது. மீனுக்கு அப்படித் தனிச் சுரப்பி இல்லை. தலைப்பக்கத்துச் சிறுநீரகத்துக்குள்ளேயே அந்த அணுக்கள் கலந்து கிடக்கின்றன. உப்பு உறைத்தவுடன் மூளை பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும். பிட்யூட்டரி இரத்தத்தில் ஒரு தூது அனுப்பும். தூது வந்ததும் கார்ட்டிசோல் சுரந்து செவுளுக்குப் போகும். அங்கே உயிரணுவுக்குள் நுழைந்து, மரபணுக்கள் இருக்கும் கருவரை சென்று, பம்புகளைச் செய்யச் சொல்லும். பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிட்டு ஆள் பிரித்து, ஆட்கள் நிரைக்கு நடந்து போய் வேலை தொடங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்ட மாத்திரத்தில் வேலை முடிந்துவிடுமா? செவுள் மாறுவதற்குச் சில மணி நேரம் முதல் சில நாள்வரை ஆகும். உங்கள் மீன்களுக்கு ஓர் இரவுதான் கிடைத்தது. உத்தரவு போயிருக்கும். பம்பு தயாராகும் முன்பே உடம்பு வற்றிவிட்டது.

மனிதருக்கு உப்பைக் காப்பதற்கென்று ஆல்டோஸ்டீரோன் என்ற வேறொரு ஸ்டீராய்டு இருக்கிறது. நாம் சாதாரணமாகச் சாப்பிடும் மீன்களிடம் அது கிடையாது என்றே சொல்லலாம். பயம், பசி, உப்பு எல்லாவற்றையும் பெரும்பாலும் கார்ட்டிசோல் ஒன்றே பார்த்துக்கொள்கிறது. திரும்ப நன்னீருக்கு வரும் மீனுக்கு உதவுவது புரோலாக்டின். தாய்மார்களுக்குப் பால் சுரக்க வைக்கிறதே, அதே பெயருடைய ஹார்மோன்தான்! பிட்யூட்டரியை எடுத்துவிட்ட ஒரு வகைச் சிறு மீன் நன்னீரில் செத்துப் போவதையும், புரோலாக்டின் கொடுத்தால் பிழைப்பதையும் கிரேஸ் பிக்ஃபோர்ட் என்ற அம்மையார் 1959இல் காட்டினார்.

திலாப்பியா நம் நாட்டு மீன் அல்ல. கறுப்புத் திலாப்பியாவின் தாய்மண் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரை. அது 1930களின் இறுதியில் ஜாவாத் தீவின் தென்கரையில் தென்பட்டது. ஜப்பான்காரன் காலத்தில் அங்கிருந்து மலாயாவுக்கும் வந்தது. ஜாவாவில் அதைக் கண்டெடுத்தவர் முஜாயிர் என்ற கிராமத்துக்காரர். இந்தோனேசியாவில் இன்றும் அந்த மீனுக்கு அவர் பெயர்தான். கழிமுகத்தில் பிடித்த மீனை வீட்டு நன்னீரில் விட்டபோதெல்லாம் செத்துப் போயிற்றாம். மனிதர் விடவில்லை. பத்துத் தடவைக்கு மேல் முயன்று, கடல் நீரில் கொஞ்சம் கொஞ்சமாக நன்னீர் கலந்து பழக்கி வெற்றி கண்டார் என்று சொல்வார்கள். ஹார்மோன் என்ற சொல்லையே அவர் கேட்டிருக்க மாட்டார்.

நீங்கள் அவர் வழியைத் திருப்பிச் செய்ய வேண்டும். முதல் நாள் ஆறு வாளித் தண்ணீரில் ஒரு வாளி குளத்து நீர் இருக்கட்டும், ஐந்து வாளி நன்னீர். மறுநாள் இரண்டுக்கு நான்கு. இப்படி ஒரு வாரத்தில் முழுதும் குளத்து நீராகட்டும். இரை எடுக்காமல் மூலையில் ஒதுங்கினால் அந்த அளவிலேயே இன்னும் ஒரு நாள் நிறுத்துங்கள். பக்கத்துக் குளத்துக்காரர் உவர்நீரில் பொரித்த குஞ்சுகளை வாங்கியிருக்கலாம், அல்லது இப்படிப் பழக்கியிருக்கலாம். கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார். கறுப்புத் திலாப்பியாவும் சிவப்புக் கலப்பினமும் உப்பைத் தாங்கும். நைல் திலாப்பியா அவ்வளவு தாங்காது. கெண்டையைக் கடல் நீருக்குப் பழக்கும் ஆசையே வேண்டாம்.

இன்னொன்று. வலையில் அள்ளுவதும் லாரியில் குலுக்குவதும்கூடக் கார்ட்டிசோலை ஏற்றிவிடும். அது கொஞ்ச நேரம் ஏறினால் நன்மை. நாள்கணக்கில் ஏறியே இருந்தால் மீன் வளராது, நோய் எதிர்ப்புச் சக்தி குன்றும், உடம்பில் பஞ்சு போல் பூஞ்சை பிடிக்கும். கொண்டுவந்த மீனை இரண்டு மூன்று நாள் சும்மா விட்டுவிட்டுப் பிறகு உப்புக்குப் பழக்குங்கள்.

இந்தக் கார்ட்டிசோலை வேறு பெயரில் நீங்களும் அறிவீர்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் என்று அரிப்புக்குப் பூசும் களிம்பில் இருப்பது இதுவேதான். இதன் உடன்பிறப்பான கார்ட்டிசோனை 1948இல் ஹென்ச் என்ற அமெரிக்க டாக்டர் மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்தார். எழ முடியாமல் கிடந்த பெண்மணி சில நாளில் எழுந்து நடந்தார். 1950இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நீண்ட நாள் கொடுத்தபோது முகம் வீங்கியது, எலும்பு தேய்ந்தது, சர்க்கரை ஏறியது.

ஏன் சொல்கிறேன் என்றால், வாளிப் பால் சுமந்தும் குலை வெட்டியும் முட்டி தேய்ந்தவர்கள் நம் மக்கள். சந்தையில் விற்கும் சில ஜாமு மாத்திரைகளில், வேர் மருந்து என்ற பெயரில், டெக்ஸாமெத்தசோன் என்ற வலுவான ஸ்டீராய்டு இரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டு நாளில் வலி பறந்துவிடும். முகம் உருண்டு வரும், "சதை போட்டிருக்கிறது" என்று வீட்டில் மகிழ்வார்கள். மாதக்கணக்கில் விழுங்கினால் உடம்பு தன் சொந்தக் கார்ட்டிசோலைச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். மாத்திரை தீர்ந்தது, சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி எல்லாம் வரலாம். உயிரே போகலாம். ஓர் இரவில் உப்புக் குளத்துக்குப் போன திலாப்பியாவைப் போலத்தான். சுரப்பி விழித்துக்கொள்ள அவகாசம் வேண்டும்.

அப்படி ஏதாவது வீட்டில் இருந்தால், பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா, மினுமினுக்கும் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே புதிதாகத் தொடங்காதீர்கள். நெடுநாள் சாப்பிட்டு வருபவர் தாமாக நிறுத்தவும் வேண்டாம். மாத்திரையையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள். ஆஸ்துமாவுக்கு டாக்டரே எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை வேறு விஷயம். அதை அவர் சொன்னபடி சாப்பிடுங்கள்.

அடுத்த இதழில், சியாக்காப் மீன் ஆணாக வளர்ந்து பின்பு பெண்ணாக மாறுவது உண்மையா என்று கேட்டிருக்கும் ஆறாம் ஆண்டு மாணவனுக்குப் பதில் எழுதுகிறேன். உண்மைதான் தம்பி, எப்படி என்பதை அப்போது சொல்கிறேன்.