பந்தாட்டமும் பண்பாட்டு நட்பும்

விளையாட்டு மக்களை ஒன்றுபடுத்தும் என்பது பரிசளிப்பு விழாத்தோறும் யாம் கேட்டுப் பழகிய கூற்று. சொல்வோரும் ஐயுறுவதில்லை; கேட்போரும் வினவுவதில்லை. ஆயின் ஒருவரையொருவர் வெல்ல முயன்ற இரு அணியினர், கிண்ணம் வழங்கி முடிந்ததும் தத்தம் பேருந்திலேறித் தத்தம் ஊர் செல்வராயின், அவரிடை விளைந்த நட்புத்தான் யாது? பெரிய ஆட்டங்களுக்கு நாம் இட்டு வழங்கும் பெயர்களையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் துடுப்பாட்டத்திற்கு ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்று பெயர். இந்துக் கல்லூரிகள் எதிர்நின்று ஆடுவது ‘இந்துக்களின் போர்’. மெய்யான போரை இருபத்தாறு ஆண்டு கண்ட மண்ணிலே இப்பெயர்கள் இன்னும் இனிக்கின்றன என்பது வியப்பே.

போட்டியிடுதல் வேறு, கூடிப் பழகுதல் வேறு. இதற்கு, எம்மவர் பெரிதும் அறியாத பேஸ்போல் ஆட்டத்தின் வரலாறு நல்ல சான்று தருகின்றது. எமது பாடசாலைகளில் ஆடப்பெறும் எல்லேயை அறிந்தார்க்கு அவ்வாட்டத்தை விளக்குதல் எளிது. கோலாற் பந்தையடித்து, தளந்தளமாய் ஓடித் தொடங்கிய இடத்தை வந்தடைதலே இரண்டிற்கும் அடிப்படை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட்டிலே சிறுவர்க்கான பெரும் போட்டி 1947 இல் தொடங்கிற்று. 1957 இல் மெக்சிக்கோவின் மொண்டெரே நகரத்து ஏழைச் சிறார், எல்லைப் பாலத்தை நடந்தே கடந்து சென்று, அக்கிண்ணத்தை வென்ற முதல் வெளிநாட்டு அணியாயினர். இறுதியாட்டத்தில் அவ்வணியின் மசியாஸ் என்ற சிறுவன் எதிரணியார் ஒருவரையேனும் தளமேற விட்டானல்லன். செயற்கரிய செயல்தான். எனினும் அவ்வெற்றியினால் அந்த எல்லைப் பாலம் ஒரு சாணேனும் அகன்றதென்று எவருங் கூறார்.

அடுத்த ஆண்டு ஜப்பானிலே நிகழ்ந்தது இதனினும் சிறிய நிகழ்ச்சி. என் நெஞ்சைத் தொட்டது அதுவே. உயர்நிலைப் பாடசாலைகளின் பெரும் போட்டி நடைபெறும் கோஷியன் மைதானத்திலே தோற்ற அணியினர் அம்மைதானத்து மண்ணைப் பையிலிட்டு ஊருக்குக் கொண்டு செல்லுதல் வழக்கம். 1958 இல் ஒகினாவாத் தீவின் ஷூரிப் பாடசாலை மாணவரும் தோற்று, மண்ணுடன் திரும்பினர். அப்பொழுது ஒகினாவா அமெரிக்கரின் ஆட்சியில் இருந்தது. துறைமுகத்தில் தாவர நோய்த்தடுப்புச் சட்டத்தைக் காட்டி, அது வெளிநாட்டு மண் என்று கூறிக் கடலிற் கொட்டச் செய்தனர். செய்தியறிந்த ஜப்பானிய விமானப் பணிப்பெண்கள் சிலர், சட்டத்தால் தடைசெய்யப்படாத கூழாங்கற்களைக் கோஷியனிலே பொறுக்கி அம்மாணவர்க்கு அனுப்பினர். அவை அப்பாடசாலையின் நினைவுச் சின்னத்திலே பதிக்கப்பெற்றன. ஓமந்தைச் சாவடியிலே பொதியவிழ்த்துக் காட்டி நின்ற எம்மவர்க்கு அம்மாணவரின் மனநிலையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்கள் பந்து தொட்டவரல்லர். ஆயினும் நட்புச் செய்தவர் அவரே.

இன்னும் ஒருவரைச் சொல்ல வேண்டும். சதஹாரு ஓ என்பவரின் தந்தையார் சீனர், தாயார் ஜப்பானியர். 1957 இல் தம் பாடசாலைக்குக் கோஷியன் வசந்தகால வெற்றியைத் தேடித் தந்த அவ்விளைஞரை, அதே ஆண்டு தேசிய விளையாட்டு விழாவில் ஆட விட்டிலர். ஜப்பானியக் குடியுரிமை இல்லை என்பதே காரணம். பின்னாளில் 868 முறை ‘ஹோம் ரன்’ அடித்து அந்நாட்டின் பெருவீரரானார். அமெரிக்கக் கறுப்பின வீரரான ஹாங்க் ஆரனோ பழைய சாதனையொன்றை நெருங்கிய காலத்துக் கொலை மிரட்டற் கடிதங்கள் பெற்றவர். இவ்விருவரும் கூடி 1990 இல் உலகச் சிறுவர் பேஸ்போல் விழாவைத் தொடக்கினர். அஃது கிண்ணத்திற்கான போட்டியன்று. பல நாட்டுச் சிறாரை ஓரிடத்திற் கூட்டிப் பயிற்சியும் பழக்கமும் தரும் முகாம். ஒதுக்கப்படுதல் யாதென அறிந்த இருவர் முகாமைத் தேர்ந்தமை தற்செயல் என்று யான் எண்ணுகிலேன்.

நிற்க. எம் நாட்டிலும் முயற்சி இல்லாமலில்லை. ஜப்பானியரின் துணையோடு தியகமவிலே பேஸ்போல் மைதானம் அமைந்தது. 2012 இல் முரளிதரனின் பெயரால் நடந்த நல்லிணக்கக் கிண்ணத் துடுப்பாட்டம் தெற்கின் பாடசாலை அணிகளை வடக்கின் மைதானங்களுக்குக் கொணர்ந்தது. வரவேற்கத் தக்கதே. ஆயின் துடுப்பாட்டத்திலே ஒவ்வொரு பாடசாலைக்கும் பழைய பெருமையும் பழைய வஞ்சமும் உண்டு. இரு சாராருக்கும் புதியதோர் ஆட்டமாயின் எல்லாரும் ஒருங்கே தடுமாறுவர். ஒருவர் பிழையைக் கண்டு மற்றவர் சிரிப்பர். அச்சிரிப்பிற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

ஆதலின் யூபிலி நிதிக்கு வாரி வழங்கும் பழைய மாணவர்க்கு என் வேண்டுகோள் இது. தெற்கின் பாடசாலையொன்றிலிருந்து மாணவர் இருபதின்மரை ஒரு வாரம் அழைப்போம். கிண்ணம் வேண்டா. ‘அவர்கள்’, ‘நாங்கள்’ என்று அணி பிரியாமல், ஒவ்வோர் அணியிலும் பாதிப்பாதியாகக் கலந்து ஆடட்டும். பேஸ்போல் மட்டையும் கையுறையும் விலை மிக்கனவாயின் எல்லேயே போதும். மூங்கிற் கழியும் ரெனிஸ் பந்தும் எந்தப் பாடசாலையிலும் உண்டு. ‘எல்லே’ என்ற சொல்லோ இரு மொழிக்கும் பொது.

மொழி தெரியாதே என்பார்க்கு ஒன்று சொல்வேன். ஆங்கிலம் நன்கறிந்த மாணவர் இருவர் மூவர் பேச, ஏனையோர் ஊமைகளாய் நிற்பதைப் பல விழாக்களிற் கண்டுள்ளேன். வருவோர் நூறு தமிழ்ச் சொற்களும் எம் மாணவர் நூறு சிங்களச் சொற்களும் முன்கூட்டியே பயிலல் வேண்டும். தமிழாசிரியனே சிங்களம் படிக்கச் சொல்கின்றானே என நகைப்பார் உளர். நகைக்கட்டும், தன் மொழியைப் பிறன் நாவிற் கேட்டு மகிழ விரும்புவோன் பிறன் மொழிக்குத் தன் நாவை வளைத்தல் முறையன்றோ?

வருவோர் விடுதியிலே தங்கலாகாது. எம்மவர் வீடுகளிலே தங்கல் வேண்டும். மரக்கறி உணவு அவர்க்கு ஒவ்வாதென்று அஞ்ச வேண்டியதில்லை. பிட்டும் இடியப்பமும் அவர் வீட்டு அடுப்பிலும் வேகின்றன. பெயரும் ஏறக்குறைய அவையே. பெற்றோர் சிலர் தயங்குவர். பிள்ளைகளை இழந்த வீடுகளும் எம்மூரில் உள. அவ்வீட்டாரை வற்புறுத்துதல் கூடாது. தாமாக முன்வருவோர் இருபது வீட்டார் போதும். அவ்விருபதில் ஒன்றாக எனது வீட்டைச் சங்கத்தார் இப்பொழுதே குறித்துக்கொள்ளலாம்.