பதவி இல்லாத ஆலோசகர்

2024 ஆகஸ்ட் 17 அன்று 45 உயர்பதவிகளுக்கு 'லேட்டரல் என்ட்ரி' விளம்பரம் வந்தது. இடஒதுக்கீடு எங்கே என்ற எதிர்ப்பில் மூன்றே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. தோழர்களே, அதைவிட ஓசையில்லாத வாசல் ஒன்று இருக்கிறது: குறுகிய கால ஆலோசகர்.

துறைச் செயலருக்குச் சில மாதம் ஆலோசனை சொல்ல வெளியாள் ஒருவரை அமர்த்துவார்கள். பணி வரையறை, ஒரு தொகை, கடைசியில் ஓர் அறிக்கை. அவர் ஊழியர் இல்லை. ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள் 2017-ன் கணக்கில் அது சேவைக் கொள்முதல். பதவியே இல்லாததால் இடஒதுக்கீட்டுப் பேச்சும் எழாது. போதிய காரணம் எழுதினால் போட்டியின்றியே ஒருவரை அமர்த்த விதி 194 இடம் தருகிறது. காரணம் எழுதுகிற அதிகாரிக்கு யாரைத் தெரியும்? உடன் படித்தவரை, உடன் வேலை பார்த்தவரை.

வெளியாள் பயமில்லாமல் உண்மை சொல்வார் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் நியாயம். சரி, உதவித்தொகை ஏன் தாமதமாகிறது என்று சொல்ல, விடுதியில் தங்கிப் படித்தவரையும் அமர்த்தலாமே! (நம்மைக் கூப்பிடுவது கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு. அதுவும் காசில்லாமல்.)

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். ஆலோசகரின் பணி வரையறை என்ன, எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.