லட்சம் முட்டைகளும் நூறு குஞ்சுகளும்

இந்திய மீன் இனப்பெருக்க ஆய்வின் திருப்புமுனை எது என்று கேட்டால், மீன்வளம் பயிலும் எந்த மாணவரும் 1957 ஜூலை 10 என்ற நாளைச் சொல்லிவிடுவார். ஹிராலால் சௌத்ரி, அலிகுன்ஹி ஆகியோரின் முயற்சியால் ஒடிசாவில் பெருங்கெண்டை மீன்களைப் பிட்யூட்டரிச் சாற்றின் துணையால் முட்டையிடச் செய்த வெற்றியை நினைவுகூர்ந்தே அந்நாள் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நாட்டின் உணவுத்தட்டை மாற்றிய வெற்றி அது. ஆனால் அந்த வெற்றி ஒரு மனப்பழக்கத்தையும் விட்டுச்சென்றது: முட்டையிட வைப்பதே பெருஞ்செயல், குஞ்சு வளர்ப்பு அதன் பின்னிணைப்பு. ஒரு ரோகு லட்சக்கணக்கில் முட்டையிடும். அதில் பெரும்பகுதி அழிந்தாலும் குளம் நிரம்பிவிடும். அலங்கார மீன் வளர்ப்புக்கு, குறிப்பாகக் கண்ணாடித் தொட்டிக் கெளுத்திகளுக்கு, இந்தக் கணக்கு பொருந்தாது. பொருந்தாத கணக்கின் விலையை இப்போது ஆறுகளும் ஏரிகளும் செலுத்திக்கொண்டிருக்கின்றன.

தென்னமெரிக்காவின் கோரிடோரஸ் கெளுத்தியை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஊசி தேவையில்லை. சற்றே குளிர்ந்த நீரை மாற்றி ஊற்றினால், மழைக்காலம் வந்துவிட்டதாக அது உணர்ந்துகொள்ளும். பெண்மீன் இடுப்புத் துடுப்புகளைக் குவித்துச் சில முட்டைகளை ஏந்திச் சென்று கண்ணாடியில் ஒட்டும். இதன் ஓர் இனத்தில் பெண்மீன் ஆணின் விந்தை வாயால் பருகி, குடல் வழியே செலுத்தி முட்டைகளைக் கருவுறச் செய்கிறது என்று 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை உயிரியலாளர்களை வியக்க வைத்தது. ஆனால் வளர்ப்பவரின் சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பெற்றோரே முட்டைகளைத் தின்னும் என்பதால் அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். பூஞ்சை பிடித்த ஒரு முட்டை அருகிலுள்ளவற்றையும் கெடுக்கும் என்பதால் மெத்திலீன் நீலமோ நாட்டு வாதுமைச் சருகோ இட வேண்டும். மூன்று முதல் ஐந்து நாள்களில் குஞ்சு பொரிக்கும். அடுத்த இரண்டு மூன்று நாள்களுக்கு மஞ்சள்கருப் பையே அதற்கு உணவு.

அந்தப் பை வற்றும் நாள்தான் கண்டம். அப்போதே பொரித்த ஆர்ட்டீமியாவையோ நுண்புழுவையோ தராவிட்டால் குஞ்சு பட்டினியில் சாகும். அளவுக்கு மீறித் தந்தால், எஞ்சியது அடியில் அழுகி அம்மோனியாவாகும். அடித்தளத்திலேயே கிடக்கும் கெளுத்திக் குஞ்சுக்கு அந்த நஞ்சிலிருந்து விலகிச் செல்ல இடமில்லை. நாள்தோறும் அடியை உறிஞ்சித் துடைத்து, அதே வெப்பநிலையுள்ள நீரைச் சொட்டுச்சொட்டாக விடுபவரின் தொட்டியில் மட்டுமே முதல் மூன்று வாரங்களைக் குஞ்சுகள் கடக்கின்றன.

முள்மீசைக் கெளுத்தியான ஆன்சிஸ்ட்ரஸின் பாடம் வேறு. ஆண்மீன் குகைக்குள் ஐம்பது, நூறு முட்டைகளை வைத்துக்கொண்டு துடுப்பால் விசிறிக் காக்கும். அதன் மூக்கிலுள்ள உணர்விழைகள் குஞ்சுகளைப் போலத் தோன்றிப் பெண்மீனைக் கவரக்கூடும் என்ற கருதுகோளை சபாஜ், ஆர்ம்ப்ரஸ்டர், பேஜ் ஆகியோர் 1999இல் முன்வைத்தனர். குஞ்சுகள் குகையைவிட்டு வெளிவந்ததும் தந்தையின் பணி முடிந்து மனிதரின் பணி தொடங்குகிறது. வேகவைத்த காய், ஸ்பைருலினா, சுரண்டித் தின்ன ஒரு மரத்துண்டு, ஓயாத நீர்மாற்றம்.

சந்தையில் மலிந்திருப்பதோ இவ்விரண்டும் அல்ல. 'டேங்க் கிளீனர்' என்ற பெயரில் விற்கப்படும் டெரிகோப்ளிக்திஸ்தான். அது மண்குளத்தின் கரையைத் துளைத்து முட்டையிடும். வளையைத் தந்தைமீனே காக்கும். வளர்ப்பவருக்கு வேலையே இல்லை. விரலளவில் வாங்கிய குஞ்சு ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் தொட்டிக்காரர் அதை நீர்நிலையில் விட்டுவிடுகிறார். 2002இல் ராம்சார் தகுதி பெற்ற கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலத்தின் பேரிகளில், உணவுமீனை எதிர்பார்த்து வலை இழுப்பவருக்கு விலைபோகாத இந்தக் கவச மீன் கிடைக்கிறது. அதன் முட்கள் வலையைக் கிழிக்கின்றன. இரைப்பையால் காற்றைச் சுவாசிப்பதால், கரையில் எறிந்தாலும் மணிக்கணக்கில் சாவதில்லை.

திறமை தேவைப்படாத மீன்தான் மலிவாகிறது. மலிவான மீன்தான் கைவிடப்படுகிறது. ஆகவே குஞ்சு வளர்ப்புத் திறன் என்பது பொழுதுபோக்காளரின் கைப்பக்குவம் மட்டுமன்று. சூழலியல் கேள்வியும் ஆகும். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் வீட்டுக்கொல்லை அலங்கார மீன் வளர்ப்பு அலகுகளுக்கு உதவித்தொகை தருகிறது. அந்த அலகுகளின் வெற்றியை எத்தனை ஆயிரம் குஞ்சுகள் என்ற ஒற்றை எண்ணால் அளந்தால், கரைதுளைக்கும் கெளுத்தியே ஒவ்வொரு முறையும் வெல்லும்.

ஆன்சிஸ்ட்ரஸும் அயல்மீன்தானே என்ற மறுப்பு நியாயமானது. உருவில் சிறியது, குஞ்சுகள் குறைவு என்பதெல்லாம் அதை ஆற்றில் விட உரிமம் ஆகாது. உண்மையான விடை உள்நாட்டுக் கெளுத்திகளில் இருக்கிறது. கங்கைச் சமவெளியின் சிறு தெங்ராக்களும், வடகிழக்கு ஓடைகளின் எரெதிஸ்டெஸ் இனங்களும் அழகில் எதற்கும் குறைந்தவை அல்ல. ஆயினும் அலங்காரச் சந்தைக்கு அவை பெரும்பாலும் ஆற்றில் பிடிக்கப்பட்டே வருகின்றன. அவற்றின் குஞ்சுக்கு முதல் உணவு எது, எந்நாளில் தர வேண்டும் என்பதை எழுதிவைப்பது ஒரு முனைவர் பட்டத்துக்குத் தகுதியான வேலை.

அத்தகைய ஆய்வேடுகள் பொரிப்பு விகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. முப்பதாம் நாளில் எத்தனை குஞ்சுகள் உயிரோடிருந்தன, இறந்தவை எந்நாளில், எதனால் இறந்தன என்ற அட்டவணையை ஆய்வு நெறியாளர்கள் கட்டாயமாகக் கேட்க வேண்டும். ஹௌராவிலும் தெற்கு 24 பர்கானாவிலும் சிமெண்ட் தொட்டிகளின் அருகே அமர்ந்து அந்த அட்டவணையை மனத்திலேயே வைத்திருக்கும் குடும்பங்களைத் தகவலாளிகளாக அல்லாமல், உடன் ஆய்வாளர்களாக மதிக்க வேண்டும். லட்சம் முட்டைகளின் அறிவியலுக்கு ஒரு நாள் கொண்டாட்டம் உண்டு. நூறு குஞ்சுகளைக் காப்பாற்றும் அறிவியலுக்குப் பாடத்திட்டத்தில் ஓர் அலகாவது வேண்டும்.