விலையைத் திட்டுமுன் விலையைப் படியுங்கள்!



கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வரும் வேலை உங்களில் பலருக்கு உண்டு. மீதிச் சில்லறையைக் கொண்டுவந்து கொடுத்ததும், "என்ன, போன வாரத்தைவிட இரண்டு மடங்கா? பகல் கொள்ளையாக இருக்கிறதே!" என்று வீட்டில் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். கடைக்காரரைக் கேட்டால், "மார்க்கெட்டிலேயே ஏறிப்போச்சு, நான் என்ன செய்யட்டும்?" என்பார். மண்டிக்காரரைக் கேட்டால், "வரத்து இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அப்படியானால் விலையை வைப்பது யார்?

2023-ஆம் ஆண்டு நம் நாட்டில் நடந்த தக்காளிக் கதையைப் பார்ப்போம். அந்த ஆண்டு மே மாதத்தில் மகாராஷ்டிர விவசாயிகளுக்குக் கிலோவுக்குச் சில ரூபாய்தான் கிடைத்தது. வெறுத்துப்போய்ப் பலர் தக்காளியைச் சாலையோரம் கொட்டினார்கள். ஜூலை மாதத்தில் அதே தக்காளி நாட்டின் பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சில இடங்களில் 150 ரூபாயையும் தாண்டியது. செப்டம்பரில் மறுபடியும் விலை சில ரூபாய்க்கு விழுந்தது. மறுபடியும் சாலையோரம் தக்காளிக் குவியல்!

நான்கு மாதங்களுக்குள் ஒரே பண்டம் குப்பையாகி, தங்கமாகி, மீண்டும் குப்பையானது. நாமோ மே மாதத்தில் "கொட்டுகிறார்களே, முட்டாள்கள்!" என்றோம். ஜூலையில் "வியாபாரிகள் கொள்ளையடிக்கிறார்கள்!" என்றோம். செப்டம்பரில் மலிவாகக் கிடைக்கிறதென்று பேசாமல் இருந்துவிட்டோம்.

காய்ச்சல் வந்தால் வெப்பமானியைத் திட்டுகிறோமா? அதில் எத்தனை டிகிரி என்று படிக்கிறோம். பிறகு மருத்துவரிடம் போகிறோம். விலையும் ஒருவகை வெப்பமானிதான். அதைப் படிக்கத் தெரியாமல் திட்டுவதால் யாருக்கும் பயனில்லை என்பது என் கருத்து. அதைப் படிப்பது அப்படியொன்றும் கடினமும் அல்ல. எட்டாம் வகுப்புக் கணக்கே போதும்.

கொஞ்சம் குறைந்தால் ஏன் இவ்வளவு ஏறுகிறது?

சந்தைக்குப் பத்து கூடை வரவேண்டிய இடத்தில் எட்டு கூடை வந்ததாக வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்குதான் குறைவு. விலையும் ஐந்தில் ஒரு பங்குதானே ஏறவேண்டும்? அப்படி நடப்பதில்லை.

ரசத்துக்கும் குழம்புக்கும் தக்காளி வேண்டும் என்று எல்லா வீட்டிலும் நினைக்கிறார்கள். எட்டு கூடையைப் பத்து கூடைக்கு உரியவர்கள் கேட்கிறார்கள். யாராவது "எனக்கு வேண்டாம்" என்று ஒதுங்கும்வரை விலை ஏறிக்கொண்டே போகும். கிலோ 40 ரூபாய் என்றால் கால் கிலோ குறைத்து வாங்குவார்கள். 80 என்றால் தக்காளியை விட்டுப் புளியைச் சற்று அதிகமாகக் கரைப்பார்கள். 120 என்றால் பலர் தக்காளியை மறந்தே விடுவார்கள். இப்படி ஒதுங்குபவர்களின் எண்ணிக்கை, குறைந்த இரண்டு கூடைக்குச் சமமாகும் இடத்தில்தான் விலை நிற்கும். எளிதில் ஒதுங்க முடியாத பண்டமென்றால் விலை வெகுதூரம் ஏறித்தான் நிற்கும்.

17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த கிரெகரி கிங் என்பவரின் பெயரால் வழங்கும் கணக்கு ஒன்று உண்டு. சார்லஸ் டாவனன்ட் என்பவர் 1699-இல் அதை வெளியிட்டார். தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். பாதி விளைச்சல் போனால், வழக்கமான விலைக்கு மேல் நாலரை மடங்கு ஏறும். மூன்று நூற்றாண்டுக்கு முந்திய இந்த எண்கள் இன்றைய தக்காளிக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் போக்கு அதேதான்.

இதைத் திருப்பிப் பாருங்கள். எட்டுக்குப் பதில் பன்னிரண்டு கூடை வந்தால் என்ன ஆகும்? எவ்வளவு மலிவானாலும் ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை தக்காளி தின்ன முடியும்? பழுத்த தக்காளியை மாதக் கணக்கில் வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே விலை படுபாதாளத்துக்குப் போகும்.

கொட்டுவது முட்டாள்தனமா?

"கொட்டுவதற்குப் பதில் வந்த விலைக்கு விற்கலாமே!" என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் நாம் புரிந்துகொள்வதற்காக வைத்துக்கொண்டவை.

ஒரு பெட்டி தக்காளியைப் பறிக்கக் கூலி 30 ரூபாய். வண்டி வாடகையும் மண்டிக் கமிஷனும் 40 ரூபாய். ஆக 70 ரூபாய். நாற்று, உரம், மருந்து, உழவு என்று பெட்டிக்கு 80 ரூபாய் வீதம் விவசாயி ஏற்கெனவே செலவழித்துவிட்டார். மொத்தம் 150 ரூபாய்.

பெட்டி 100 ரூபாய்க்குப் போகிறது. விற்கலாமா? 150 செலவழித்து 100-க்கு விற்பது நட்டம் என்று தோன்றும். ஆனால் அந்த 80 ரூபாய் பறித்தாலும் போனது, பறிக்காவிட்டாலும் போனது. இனிமேல் செலவழிக்க வேண்டியது 70 மட்டுமே. வருவது 100. எனவே பறித்து விற்றால் 30 ரூபாயாவது மிஞ்சும். விற்பதே சரி.

பெட்டி 60 ரூபாய்க்குப் போனால்? பறிக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் கையிலிருந்து இன்னும் 10 ரூபாய் போகும். அப்போது செடியிலேயே விட்டுவிடுவதுதான் சரியான கணக்கு. மண்டிக்குக் கொண்டுவந்த பிறகு விலை விழுந்துவிட்டால், திருப்பி ஏற்றிச் செல்லும் வாடகைகூட மிஞ்சாது. அப்படிப்பட்ட தக்காளிதான் சாலையோரம் கொட்டப்படுகிறது.

போன செலவை ஒதுக்கிவிட்டு, அடுத்த அடிக்கு என்ன செலவு, என்ன வரவு என்று பார்க்க வேண்டும். பொருளியலின் முதல் பாடங்களில் இது ஒன்று. வயலில் பழம் அழுகுவதைப் பார்க்கும் விவசாயிக்கு இந்தப் பாடம் நன்றாகத் தெரியும். அவரை முட்டாள் என்று சொல்லும் நமக்குத்தான் தெரியவில்லை!

சிலந்தி பின்னும் வலை

விலை விழுந்ததும் என்ன நடக்கும்? நட்டப்பட்டவர்கள் அடுத்த பட்டத்தில் வேறு பயிருக்கு மாறுவார்கள். நாற்று விட்டு, நட்டு, முதல் பறிப்புக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. அப்போது வரத்துக் குறையும். அந்த நேரம் பார்த்து மழையோ பூச்சியோ சேர்ந்துகொண்டால் விலை உச்சிக்குப் போகும். 2023 ஜூலையில் இதுதான் நடந்தது. உச்சி விலையைப் பார்த்த எல்லோரும் ஒரே சமயத்தில் தக்காளி நடுவார்கள். அத்தனையும் ஒன்றாகச் சந்தைக்கு வரும்போது விலை மறுபடி விழும்.

1928-இல் ஜெர்மனியில் ஆர்தர் ஹானாவ் என்பவர் பன்றி விலையில் இதே ஏற்ற இறக்கத்தைக் கண்டார். இதை வரைபடமாக வரைந்தால் கோடு சுற்றிச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வரும். எனவே 1934-இல் நிக்கோலஸ் கால்டார் என்ற பொருளியலாளர் இதற்குச் 'சிலந்தி வலைத் தேற்றம்' என்று பெயர் வைத்தார்.

இங்கே கெட்டவர் என்று யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்றைய விலையைப் பார்த்து, மூன்று மாதத்துக்குப் பிறகு விற்கப்போகும் பயிரை நடுகிறார்கள். பழைய கடிதத்தைப் படித்துவிட்டுப் பதில் எழுதுவதைப் போன்றது இது.

"அப்படியானால் பதுக்கலே கிடையாதா?" என்று கேட்பீர்கள். உண்டு. அரிசி, பருப்பு, வெங்காயம் போன்றவற்றைக் கிடங்கில் பூட்டி வைக்க முடியும்; வைத்தவர்களும் உண்டு. அதைச் சட்டம் தண்டிக்க வேண்டும். ஆனால் ஒரு வாரத்தில் அழுகிவிடும் தக்காளியை எத்தனை நாள் பதுக்க முடியும்? பண்டத்துக்குப் பண்டம் கேள்வியும் மாறவேண்டும்.

செய்தி நேரத்தில் வந்தால்...

தக்காளி விவசாயிக்குச் செய்தி காலம் கடந்து வருகிறது. தூரத்தால் செய்தி வராமல் போவதும் உண்டு. அதற்குக் கேரளக் கடற்கரையில் ஒரு சான்று இருக்கிறது.

1997 ஜனவரி 14-ஆம் நாள் காலை, வடகரைக் கடற்கரையில் மத்தி மீனுடன் வந்த 11 மீனவர்களுக்கு வாங்க ஆள் இல்லை. மீனைக் கொட்ட வேண்டியதாயிற்று. அதே காலையில், 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த வேறு கரைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையுடன் திரும்பவிருந்தார்கள்! ஒருவர் நிலைமை மற்றவருக்குத் தெரியாது.

அந்த ஆண்டுதான் கோழிக்கோடு பகுதியில் கைபேசி வந்தது. கோபுரங்களின் அலை கடலிலும் சில மைல் தூரம் எட்டியது. மீனவர்கள் படகில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுத் திசையை முடிவு செய்தார்கள். இதை ஆண்டுக்கணக்கில் அளந்த ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007-இல் முடிவை வெளியிட்டார். முன்பு 5 முதல் 8 சதவீதம் வரை வீணான மீன், பிறகு வீணாகவே இல்லை. மீனவர்களின் ஆதாயம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருங்கே நன்மை! கடலில் மீன் பெருகவில்லை. செய்திதான் பெருகியது.

தக்காளிக்கு இன்றைய விலை மட்டும் தெரிந்தால் போதாது. எந்த வட்டாரத்தில் எத்தனை ஏக்கரில் தக்காளி நட்டிருக்கிறார்கள் என்பது நாற்று விடும்போதே விவசாயிக்குத் தெரியவேண்டும். மிஞ்சும் பழத்தைச் சாறாக்கி வைக்கும் ஆலைகளும் அருகிலேயே வேண்டும். வலையை அறுக்க வழி இதுவே என்று நான் நினைக்கிறேன்.

விலைக்குக் கேட்காத குரல்

விலை நல்ல தூதன் என்றேன். ஆனால் அந்தத் தூதனுக்கு ஒரு காது செவிடு. காசோடு கேட்பவரின் குரல் மட்டுமே அதற்குக் கேட்கும். பசியோடு மட்டும் கேட்பவரின் குரல் கேட்காது.

1943-இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தது. 20 முதல் 30 லட்சம் பேர் மாண்டார்கள். அப்போது ஒன்பது வயதுச் சிறுவனாக அதைக் கண்டவர் அமர்த்தியா சென். 1998-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் அவர். 1981-இல் வெளியிட்ட நூலில் அவர் ஒரு கணக்குக் காட்டினார். 1943-இல் வங்காளத்தில் இருந்த உணவு தானியம், பஞ்சம் வராத 1941-ஐவிடக் குறைவல்ல! போர்க்காலச் செலவால் அரிசி விலை ஏறியது. விவசாயக் கூலிகள், மீனவர்கள், படகோட்டிகள் ஆகியோரின் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. தானிய அளவைப் பற்றி அறிஞர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. ஆனால் முதலில் மடிந்தவர்கள் வாங்கும் சக்தி இல்லாத ஏழைகள் என்பதில் ஐயமில்லை.

ஆகவே விலையைத் திட்டாதீர்கள் என்று நான் சொல்வது, விலை சொன்னபடி எல்லாம் நடக்கட்டும் என்பதற்காக அல்ல. விலை எட்டாக்கனியாகும்போது ஏழைக்கும் பண்டம் கிடைக்க வேறு வழி வேண்டும். ரேஷன் கடை அத்தகைய வழி. 2023 ஜூலையில் சென்னை ரேஷன் கடைகளில் தக்காளி கிலோ 60 ரூபாய்க்கு விற்கப்பட்டதும் அதற்காகத்தான். வெப்பமானி காய்ச்சலைக் காட்டும். மருந்து கொடுப்பது மனிதர் வேலை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். வாரம் ஒருமுறை தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றின் விலையையும் எழுதுங்கள். பக்கத்தில் மழை, பண்டிகை, லாரி வேலைநிறுத்தம் என்று நடந்ததையும் குறியுங்கள். ஆறு மாதம் கழித்து வரைபடத் தாளில் கோடு வரையுங்கள். எது அதிகம் ஆடுகிறது, எது குறைவாக ஆடுகிறது, ஏன் என்று வகுப்பில் விவாதியுங்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் யாராவது, "பகல் கொள்ளை!" என்றால், மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது? யாருக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது? யாருடைய குரல் இதில் சேரவே இல்லை?

விடை தேடத் தொடங்கிவிட்டால், நீங்களும் பொருளியல் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றுதான் பொருள்.