நமுனுகுலவுக்கு ஆப் எதற்கு என்று கேட்கிறேன்

பதிவு கொஞ்சம் நீளம். முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

இரண்டு வாரமாக நம்முடைய வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு. நமுனுகுலப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு மொபைல் ஆப். பாஸ்ட் பேப்பர், நோட்ஸ், பாடசாலை அறிவித்தல், மண்சரிவு எச்சரிக்கை எல்லாம் அதற்குள்ளே. கொழும்பில் இருந்து கொட்டேஷன் வந்துவிட்டது. கட்டாரிலும் துபாயிலும் இருக்கும் தம்பிமார் ஒரு பங்கு, பஸார் கடைகள் ஒரு பங்கு, தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு நாள் சம்பளம் என்று கணக்கும் போட்டாயிற்று. அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிற அக்காவின் ஒரு நாள் சம்பளத்தை வாங்குகிறோம் என்றால், அது எங்கே போகிறது என்று அவருக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல நமக்கு வாய் இருக்க வேண்டும்.

கொட்டேஷனில் பெரிதாகப் போட்டிருப்பது "ஒரே கோட், அண்ட்ரொய்டுக்கும் ஐபோனுக்கும்" என்பது. அது பொய்யில்லை. கூகுளின் ஃப்ளட்டர், பேஸ்புக் கொண்டுவந்த ரியாக்ட் நேட்டிவ் இரண்டும் அதற்குத்தான் வந்தன. ஒரு தடவை எழுதினால் பெரும்பகுதி இரண்டிலும் ஓடும். இவற்றை இலவசமாக இறக்கி, பாடசாலைக் கணினி ஒன்றிலேயே ஒரு சின்ன ஆப்பை ஓட்டிக் காட்டலாம். உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் செய்வார்கள். அதுவரைக்கும் செலவில்லை.

செலவு தொடங்குவது அதை மற்றவர்களின் போனுக்கு அனுப்புகிற இடத்தில். அந்தப் பக்கம் கொட்டேஷனில் ஒரு வரிதான். ஐபோனுக்கான ஆப்பைக் கட்டி முடிக்க ஆப்பிளின் எக்ஸ்கோட் வேண்டும், எக்ஸ்கோட் மேக் கணினியில் மட்டும்தான் ஓடும். ஆப்பிள் கணக்குக்கு வருடத்துக்கு 99 டொலர். ஒரு வருடம் கட்டாமல் விட்டால் ஆப் கடையிலிருந்து போய்விடும். கூகுள் ப்ளே ஒரே தடவை 25 டொலர், அது பரவாயில்லை. ஆனால் 2023 நவம்பருக்குப் பிறகு தனி ஆள் பெயரில் திறந்த புதுக் கணக்கு என்றால், வெளியிட முதல் சோதனை ஆட்களைச் சேர்த்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்ட வேண்டும். முதலில் 20 பேர் கேட்டார்கள், பிறகு 12 ஆக்கினார்கள். சங்கத்தின் பெயரில் கணக்கு என்றால் அந்தச் சோதனை இல்லை, ஆனால் டன்ஸ் இலக்கம் என்ற நிறுவன அடையாள எண் எடுக்க வேண்டும். பதிவுப் பத்திரமே ஒழுங்காக இல்லாத நம் சங்கங்களுக்கு அது எத்தனை நடை என்று செயலாளர்மாருக்குத் தெரியும்.

வெளியிட்ட பிறகும் விடமாட்டார்கள். கூகுள் வருடா வருடம் புது அண்ட்ரொய்டுக்குத் தக்க ஆப்பைத் திருத்தச் சொல்லும். திருத்தாமல் விட்டால் புதுப் போன் வாங்கியவர் தேடினாலும் ப்ளே ஸ்டோரில் காட்டாது. அதாவது முதல் வருடக் காசு அடுத்த வருடம் காணாது. திருத்துவது யார்? கொழும்புக்காரர் திருத்துவார், காசுக்கு. அந்தக் காசு எவ்வளவு என்று கொட்டேஷனில் தேடிப் பாருங்கள், இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் கணக்கு யார் பெயரில் என்பது. நம்மட ஆட்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். பள்ளிவாசலுக்கு எல்லாரும் காசு போட்டுக் காணி வாங்குகிறோம், உறுதியை மட்டும் ஒரு நானாவின் பெயரில் எழுதிவிடுகிறோம். அவர் நல்லவர்தான். அவருக்குப் பிறகு பிள்ளைகள்? அப்படிப்பட்ட வழக்குகள் எத்தனை பரம்பரை இழுத்தன என்று முதியவர்களைக் கேளுங்கள். ஆப்பின் கடைக் கணக்கும், அதைப் பதிவேற்றப் பாவிக்கும் சாவிக் கோப்பும் இந்தக் காலத்து உறுதி. அது நிறுவனத்தின் கையில் இருந்தால் அந்த ஆப் நமுனுகுலவினுடையது இல்லை. நாம் வாடகைக்கு இருக்கிறோம்.

சரி, எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றே வைப்போம். பாவிப்பது யார்?

ஒரு லய வீட்டில் பெரும்பாலும் ஒரு நல்ல போன். அது பகலில் அப்பாவோடு வேலைக்குப் போகும். இரவு வரும்போது சார்ஜ் இல்லை, ரீலோட் இல்லை, மெமரியில் இடமும் இல்லை. என் வகுப்புப் பிள்ளை சொன்னான்: "சேர், புதுசா ஒண்ணு போடணும்னா பழசு ஒண்ண அழிக்கணும்." அவன் நம் ஆப்பை வைத்துக்கொண்டு எதை அழிப்பான் என்று நினைக்கிறீர்கள்?

2021ஐ மறந்துவிட்டோமா? கொரோனாவில் பாடசாலை மூடியபோது நம் பதுளை மாவட்டத்து லுணுகலையில் பிள்ளைகளைப் பெரியவர்கள் காட்டுக்குள் மலையேற்றி, உயரத்தில் கட்டிய மர வீட்டில் உட்கார வைத்தார்கள், சிக்னல் கிடைக்கிறது என்பதற்காக. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் வரை வந்து படம் எடுத்துப் போட்டன. அந்தப் பிள்ளைகளிடம் ஆப் இல்லாததா குறை? கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்களும் இருக்கின்றன. அதைத் திறக்கிற சிக்னல்தான் நம் மலைக்கு இந்தப் பக்கம் வந்தால் காணாமல் போகிறது.

எரிபொருள் கியூஆரை நினைத்துப் பாருங்கள். 2022இல் நாடே வரிசையில் நின்றபோது வந்தது. ஸ்கேன் பண்ணுகிற ஆப் ஷெட்டில் இருந்தவரிடம். நம் த்ரீவீல்காரர்களிடம் இருந்தது ஒரு காகிதம். பிரிண்ட் எடுத்து, லெமினேட் பண்ணி, வண்டியில் தொங்கவிட்டார்கள். ஸ்மார்ட் போன் இல்லாத ஆளும் பெட்ரோல் அடித்தார். கடினமான வேலையை ஒரு பக்கம் வைத்து, மக்கள் பக்கம் காகிதத்தை விட்டதால்தான் அது ஊர் ஊராக ஓடியது.

மண்சரிவு எச்சரிக்கையை இதில் சேர்த்ததுதான் எனக்குக் கோபம். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை. லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. அங்கே எச்சரிக்கை இல்லாமலா? அந்த இடம் ஆபத்து, மக்களை எழுப்புங்கள் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. போக வேறு காணி இல்லை, அதுதான் நடந்தது. நோட்டிபிகேஷன் காணி தராது. மழை இரவில் டவரும் கரண்டும் போன பிறகு இன்டர்நெட்டில் வரவேண்டிய எச்சரிக்கை எப்படி வரும்? விலை குறைந்த போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆப்பைத் தூங்க வைத்துவிடுவதும் உண்டு. கோயில் ஸ்பீக்கர், பள்ளிவாசல் ஸ்பீக்கர், அதற்கு ஒரு பேட்டரி, பெரட்டுக் களத்தில் யார் யாரை எழுப்புவது என்று எழுதிய ஒரு பட்டியல், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. இவற்றுக்குச் செலவழியுங்கள், முதல் ரூபாய் நான் தருகிறேன்.

"அப்போ சேர், டெக்னாலஜியே வேணாமா?" என்று ஒருவர் கேட்டார். வேணும். ஒரு சின்ன இணையப் பக்கம் செய்வோம். எந்தப் போனிலும் திறக்கும், கடையில் போட வேண்டியதில்லை, வருடா வருடம் டொலர் கட்ட வேண்டியதில்லை. ஒரு தடவை திறந்து ஹோம் ஸ்கிரீனில் சேர்த்துக்கொண்டால் ஆப் மாதிரியே நிற்கும். ஒழுங்காக எழுதினால் பார்த்த பக்கங்கள் சிக்னல் இல்லாதபோதும் திறக்கும். கிட்ஹப் போன்ற இடங்களில் இப்படிப்பட்ட பக்கத்தை இலவசமாக வைக்கலாம். பிழை திருத்த கொழும்புக்குப் போன் அடிக்கத் தேவையில்லை, நம் பிள்ளைகளே திருத்துவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அது ஒரு தொழில் படிப்பும்கூட. ஐபோனில் சில வசதி குறையும். நமுனுகுலவில் ஐபோன் வைத்திருப்பவர்கள் என்னை மன்னிக்கலாம்.

மிச்சக் காசுக்கு ஒரு நல்ல போட்டோகொப்பி மெஷினும் பேப்பரும். தரம் 5 புலமைப்பரிசில் எழுதுகிற ஒவ்வொரு பிள்ளையின் கையிலும், கனவரல்லையிலும் சரி பஸாரிலும் சரி, கடந்த வருட வினாத்தாள் கட்டு ஒன்று.

என்னைப் "பழைய காலத்து ஆள்" என்று ஒரு குரூப்பில் எழுதியிருந்தார்கள். எனக்கு முப்பத்தைந்து வயது. ஃப்ளட்டரை இறக்கி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிறு கூட்டத்துக்கு வருகிறேன். மூன்று கேள்வி கேட்பேன்: கடைக் கணக்கு யார் பெயரில், இரண்டாம் வருடச் செலவு எவ்வளவு, யார் கட்டுவது. எழுத்தில் பதில் வரும்வரை தோட்டத்தில் பெயர் எழுதப் போக வேண்டாம் என்று சகோதரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.